படிக்காமல் கொடுத்த வாக்கு

சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். கைநாட்டு வைக்க வரும் கிழவிக்குக் கிரயப் பத்திரத்தை முழுதும் வாசித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறந்ததில்லை. "புரிஞ்சுதா ஆத்தா?" என்று கேட்பேன். அவள் தலையசைத்தால்தான் எனக்கு அது சம்மதம்.

போன மாதம் பேத்தி என் போனில் ஒரு செயலியை ஏற்றினாள். பக்கம் பக்கமாக நிபந்தனைகள். "யாரும் படிக்க மாட்டாங்க தாத்தா, தொடுங்க." தொட்டேன். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்பதைத்தான் சம்மதம் என்கிறது. ஆனால் படிக்க வாய்ப்பிருந்தும் பொத்தானை அழுத்தியவரை நீதிமன்றங்கள் பெரும்பாலும் கட்டுப்பட்டவராகவே பார்க்கின்றன. அமெரிக்காவில் 2002-இல் நெட்ஸ்கேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கு மாறாகப் போனது. அங்கே நிபந்தனைகள் பதிவிறக்கப் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால் மட்டுமே தெரிந்தன. கண்ணில் படாததற்குச் சம்மதம் இல்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

2010 ஏப்ரல் முதல் நாள், பிரிட்டனில் கேம்ஸ்டேஷன் என்ற கடை, வாங்குபவரின் ஆன்மா தனக்கே என்று விளையாட்டாக ஒரு நிபந்தனை சேர்த்தது. ஆயிரக்கணக்கானோர் ஒப்புக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி முன்னால் நேர்ந்துகொள்பவன்கூட என்ன நேர்கிறோம் என்று அறிந்துதான் நேர்கிறான். மனம் போகாத இடத்தில் விரல் மட்டும் போனால், அதை வாக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்க முடியாதபடி எழுதியவருக்கும் அதில் பாவம் உண்டு.

மறுநாள் பேத்தியை முழுதும் வாசிக்கச் சொன்னேன். இரண்டு மாலை ஆயிற்று. வழக்கென்றால் வெளிநாட்டில்தான் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். செயலியை நீக்கிவிட்டாள்.