அறிவுச் செல்வத்தை அளப்பது எப்படி?

ஒரு நாட்டின் செல்வத்தைப் பொன்னாலும் விளைச்சலாலும் கணக்கிட்ட காலம் போய், இன்று மக்களின் அறிவையும் மூலதனமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூபுல் ஹக் முன்னின்று உருவாக்கிய மனித மேம்பாட்டுக் குறியீடு 1990-இல் ஐக்கிய நாடுகளின் அறிக்கையில் வெளிவந்தது. அது வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து எடைபோட்டது. 2018-இல் உலக வங்கி வெளியிட்ட மனித மூலதனக் குறியீடோ, இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்தபின் எவ்வளவு உற்பத்தித் திறன் பெற்றிருக்கும் என்று கணிக்கிறது.

இக்கணக்குகள் வீண் என்று நாம் கூறவில்லை. எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் காணவில்லை என்பதை ஓர் அரசு அறிந்தேயாக வேண்டும். ஆயினும், படித்த ஆண்டுகளை எண்ணிவிடலாம். அந்தப் படிப்பு அடுத்தவரைச் சென்றடைந்ததா என்பதை எந்தக் குறியீடு எண்ணுகிறது?

பத்ருப் போரின் கைதிகளில் மீட்புத்தொகை கொடுக்க வசதியற்ற சிலர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே ஈடாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கைதியின் உள்ளத்தில் கிடந்த எழுத்தறிவு அவனை விடுவிக்கவில்லை. பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்த எழுத்தே அவனை விடுவித்தது.

கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி செய்த கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் காலம், தாபியீன்கள் பலர் வாழ்ந்த காலம். இல்முக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் அன்னார், ஆலிம்களோடு இல்மும் மறைந்துவிடுமோ என்று அஞ்சி, ஹதீஸ்களைத் தேடி எழுதும்படி மதீனாவிலிருந்த அபூபக்ர் பின் ஹஸ்ம் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அதனைப் பதிவு செய்யும் ஸஹீஹுல் புகாரியில், மறைத்து வைக்கப்படும்போதே இல்ம் அழிகிறது என்ற எச்சரிக்கையும் இடம்பெற்றுள்ளது. இன்று அறிந்தவர் எத்தனை பேர் என்பதோடு அன்னாரின் கணக்கு நிற்கவில்லை; நாளை அறியப்போகிறவர் யார் என்பதையும் அது கேட்டது.

பணம் கொடுத்தால் குறையும். இல்மோ கொடுக்காவிட்டால்தான் குறையும். ஆகவே பணத்தை அளக்கும் படியால் இல்மை அளக்க இயலாது. நம் வீட்டுச் சுவரில் பட்டம் தொங்கலாம். பக்கத்து வீட்டு அநாதைப் பிள்ளை ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் திகைத்து நின்றால், அந்தப் பட்டத்தால் சமுதாயத்திற்கு என்ன இலாபம்? அதே தெருவில் அஸருக்குப் பின் பத்துப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே ஓதிக்கொடுக்கும் தாயின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. ஆனால் அவளிடம்தான் மூலதனம் பெருகுகிறது.

அரசு தன்னால் எண்ண முடிந்ததை எண்ணட்டும். மீதியை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது, கற்றதைக் கொண்டு என்ன செய்தோம் என்பதல்லவா?

பயனுள்ள இல்மைத் தந்து, அதைப் பிறருக்கு எத்திவைக்கும் நற்பாக்கியத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.