தமிழம்மாவும் மாவ்ஷியும்

புனேயில் பள்ளிக்கூடத்து ஆயாக்களைப் பிள்ளைகள் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுகிறார்கள். மராத்தியில் அதற்கு அம்மாவின் உடன்பிறந்தவள் என்று பொருள். நம்மூர்ச் சித்தி, பெரியம்மா. அழகான சொல்தான். ஆனால் லைப்ரரி வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் மேஜையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, “மாவ்ஷி, மூடியைத் திறந்து கொடுங்க” என்று இந்தியில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. திறந்து கொடுத்தேன். அன்று முழுக்க அந்தச் சொல் காதுக்குள் உட்கார்ந்திருந்தது.

திருநெல்வேலியில் 24 வருஷம் நான் ‘தமிழம்மா’. கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போதுகூடப் பின்னாலிருந்து யாராவது “தமிழம்மா, சௌக்கியமா?” என்பார்கள். கழுத்தில் தாலிச் சங்கிலி இருப்பது மாதிரி அந்தப் பெயரும் கூடவே இருந்தது, எடை தெரியாமல். மகனுக்குப் புனேயில் வேலை கிடைத்ததும், அப்பாவும் இல்லாத வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்து வந்துவிட்டான். அப்போது எனக்கு 51 வயது. தமிழ் சொல்லிக்கொடுக்கப் புனேயில் யாருக்கு நான் வேண்டும்? ஒரு பள்ளியில் லைப்ரரிக்கு உதவியாள் கேட்டார்கள். சேர்ந்தேன். “நீ ஏம்மா இதெல்லாம்? சும்மா வீட்ல இரேன்” என்றான் மகன். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

முன்பு நான் என்னவாக இருந்தேன் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லலாம். கேட்காதவர்களிடம் சொன்னால் அது பெருமை பேசுவதாகிவிடும். இந்த முன்கதையை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் அந்த மாதங்களில் என்னை அரித்த கேள்வி.

அந்தச் சமயத்தில் ஒரு ராத்திரி டிவியில் ‘உயிரே’ ஓடியது. மணிரத்னம் 1998இல் ‘தில் சே’ என்று எடுத்த இந்திப் படத்தின் தமிழ் வடிவம். டெல்லி வீட்டில் ஷாருக் கானுக்கு ஒரு பாட்டி உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் குறும்பாக வளையவரும் கிழவி. மொத்தமாகச் சில நிமிஷங்கள்தான் வருவார். ஆனால் அவர் வரும்போது கண் வேறெங்கும் போகாது. “யாருடா இந்தப் பாட்டி?” என்றேன். மகன் போனில் தேடிச் சொன்னான்: ஜோஹ்ரா சேகல். அந்தப் படம் வந்தபோது வயது 86. அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் சினிமாவில் நடித்திருக்கிறார். 2014இல் இறந்தபோது வயது 102.

வயதைப் பார்த்து நான் வாயைப் பிளக்கவில்லை. “ஐம்பது வயசுல லண்டன் போயிருக்காங்கம்மா” என்று அவன் சொன்னதில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1912இல் ராம்பூர் பட்டாணியக் குடும்பத்தில் பிறந்தவர். பர்தா முறை இருந்த வீடு. லாகூரில் குயின் மேரி கல்லூரியில் படிப்பு. அது முடிந்ததும் தாய்மாமன் ஒருவர் தம் காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு ஈரான், சிரியா வழியாக எகிப்து வரை ஓட்டிப் போயிருக்கிறார். அங்கிருந்து கப்பலில் ஐரோப்பா. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய நவீன நடனப் பள்ளியில் மூன்று வருஷப் படிப்பு. 1930களின் தொடக்கம் அது. நம்மூரில் நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா என்று வாதம் நடந்துகொண்டிருந்த காலம். 1935இல் நடனக் கலைஞர் உதய் சங்கரின் குழுவில் சேர்ந்து ஜப்பான், எகிப்து, அமெரிக்கா என்று ஆடித் திரிந்தார். பிறகு அல்மோராவில் உதய் சங்கர் தொடங்கிய மையத்தில் ஆசிரியை. அங்கேதான் தம்மைவிட எட்டு வயது சிறியவரான காமேஷ்வர் சேகலைக் கண்டு, மதம் தாண்டி 1942இல் மணந்தார். (அந்த உதய் சங்கர்தான் பின்னால் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் ‘கல்பனா’ படத்தை எடுத்தவர். அதற்குள் ஜோஹ்ரா அவரை விட்டு விலகியிருந்தார். இல்லாவிட்டால் சென்னைக்கும் அவரை அப்போதே தெரிந்திருக்கும்.)

இதுவரைக்கும் ராணி கதை மாதிரி இருக்கிறது. எனக்கு ராணி கதைகள் அலுத்துவிடும். கார் வைத்திருந்த மாமனும், ஆங்கிலக் கல்வியும், டிரெஸ்டனும் வாய்த்த ஒருத்தியைக் காட்டி, ‘பார், அவர் சாதிக்கவில்லையா’ என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வது அநியாயம். வயதானவர்களைச் சுவரொட்டி ஆக்கி ஊக்கம் விற்கும் வழக்கமும் எனக்குப் பிடிக்காது. நான் நின்று பார்த்தது இதற்கு அடுத்த பகுதியை.

1945இல் பம்பாயில் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸில் அவர் சேர்கிறார். மாதச் சம்பளம் 400 ரூபாய். அங்கே 14 வருஷம். நம் நாடகக் கம்பெனிகளைப் போல ஊர் ஊராகப் பயணம். மூட்டை கட்டு, அவிழ், மறுபடி கட்டு. நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் தலை குனிந்து துணியை ஏந்தி நிற்பாராம், கஷ்டப்படுகிறவர்களுக்கு நிதி கேட்டு. அந்த நாடகங்களில் கதாநாயகி யார்? ஜோஹ்ரா இல்லை. அவருடைய தங்கை உஸ்ரா. ஐந்து வயது இளையவர். அழகி. அக்கா நடனம் அமைப்பார், துணைப் பாத்திரங்களில் நடிப்பார். தங்கைமேல் தமக்குப் பொறாமை இருந்ததை ஜோஹ்ரா ஒளித்ததும் இல்லை.

சினிமாவிலும் அப்படித்தான். ‘நீச்சா நகர்’ கான் விழாவில் பரிசு வாங்கியது. அதில் அவர் இருக்கிறார், முன்வரிசையில் இல்லை. ‘பாஸி’ படத்துக்கு நடனம் அமைத்தார். இயக்கியவர் குரு தத், அல்மோராவில் மாணவராக இருந்தவர். ஆசிரியை, தம் மாணவரின் படத்தில் பணியாள். இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த ஒருவன் என் தலைமை ஆசிரியராக வந்திருந்தால், முதல் வாரம் அவனை ‘சார்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பியிருக்காது.

1959இல் கணவர் இறந்தார். இரண்டு பிள்ளைகள். டெல்லியில் சில காலம் நாட்டிய அகாடமி ஒன்றின் பொறுப்பு. 1962இல் நாடகம் படிக்க உதவித்தொகை கிடைத்து லண்டன். படிக்க! ஐம்பது வயதில், கால் நூற்றாண்டுக்கும் மேலான மேடைக் களைப்போடு, மாணவியாக.

அடுத்த வருஷம் ராம் கோபாலின் நடனப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார். 1964இல் பிபிசியில் கிப்ளிங் கதை ஒன்றில் வேஷம். 1965இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் சிலுவைப் போர்க் கதையில் அரண்மனைப் பணிப்பெண். இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். அந்தக் கதையில் சுல்தான் சலாவுதீனாக நடித்தவர் முகத்துக்கு நிறம் பூசிக்கொண்ட வெள்ளைக்காரர். அன்றைய பிரிட்டிஷ் திரையில் அது சாதாரணம். கிழக்கத்தியப் பெரிய வேஷம் வந்தால் நிறப்பூச்சு போட்ட வெள்ளைக்காரர். உண்மையாகவே கிழக்கிலிருந்து வந்த, உலகம் சுற்றி ஆடிய, 14 வருஷம் மேடையில் உழைத்த பெண்ணுக்குத் தட்டு ஏந்தும் வேஷம். அதாவது, மாவ்ஷி.

அந்தக் கதையின் நான்கு பகுதிகளில் இரண்டு இன்று கிடையாது. அந்தக் காலத்தில் பிபிசி பழைய நாடாக்களை அழித்துவிட்டு அவற்றிலேயே புதிதாகப் பதிவு செய்தது. பிருத்வி தியேட்டர்ஸில் அவர் நடித்த ராத்திரிகளும் காற்றோடு போனவைதான். என் 24 வருஷப் பாடமும் அப்படித்தான். கரும்பலகையில் எழுதியதை மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வந்து அழிப்பார்.

லண்டனில் அவருக்குப் பெரிய வேஷம் எப்போது வந்தது? 1984. ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடரில் லேடி சாட்டர்ஜி. போய் 22 வருஷம் கழித்து, 71 வயதில். நடுவில் 1970களில் ‘படோசி’ என்ற நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார்; பக்கத்து வீட்டுக்காரர் என்று அர்த்தம். மற்றபடி சின்னச் சின்ன வேலைகள், காத்திருப்பு. 22 வருஷத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குள் எத்தனை திங்கட்கிழமைகள் இருந்திருக்கும்!

இவ்வளவு காலம் கசந்துபோகாமல் ஒருவரால் எப்படி இருக்க முடிந்தது? படித்துப் படித்து எனக்குப் பட்டது இதுதான். லண்டனுக்குப் போனபோது அவர் கையில் டிரெஸ்டன் சான்றிதழைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது: கதாநாயகியாக இல்லாமல் இருந்த அந்த 14 வருஷம். மேடையின் நடுவில் தங்கை நிற்க, ஓரத்தில் நின்றுகொண்டே தம் நாலு வரி வசனத்தை முழுசாகப் பேசும் பழக்கம். பொறாமை உள்ளே இருக்கட்டும், அதற்காக அடி தவறக் கூடாது. ஓரத்தில் நிற்கப் பழகியவருக்கு எந்த ஊரின் ஓரமும் புதிதில்லை.

நடுவில் நின்றவர்களுக்குத்தான் ஊர் மாறுவது கஷ்டம். உஸ்ராவைப் பாருங்கள். அவரும் புலம்பெயர்ந்தார், 1964இல், பாகிஸ்தானுக்கு. கதாநாயகிக்கு அங்கே பல வருஷம் மேடையே இல்லை. ஊர்ச் சூழலும் குடும்பமும் வேறாக இருந்திருக்கும். முழுக் காரணத்தையும் நடு, ஓரம் என்று நான் பிரித்துவிட முடியாது. ஆனாலும் அக்கா ஒரு திசையில் போய்த் துண்டு துண்டாக வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், தங்கை இன்னொரு திசையில் போய் மௌனமாக இருந்தார் என்பது உண்மை. பிறகு லாகூரின் அஜோகா நாடகக் குழு உஸ்ராவை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

1993இல் அந்தக் குழுவே ‘ஏக் தீ நானி’ என்ற நாடகத்தைப் போட்டது. ‘ஒரு பாட்டி இருந்தாள்’ என்று சொல்லலாம். இந்தச் சகோதரிகளின் வாழ்க்கையை ஒட்டி ஷாஹித் நதீம் எழுதியது. அக்காவுக்கு 81, தங்கைக்கு 76. எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பாட்டியும் அந்தப் பக்கத்துப் பாட்டியுமாக இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். இந்த முறை நடுவில் யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் இருவரும் உள்ளுக்குள் கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அக்கா தங்கை அல்லவா?

அதற்கப்புறம் ஜோஹ்ரா இந்தியாவுக்கே திரும்பினார். ஷாருக்குக்குப் பாட்டி, ‘சீனி கம்’மில் அமிதாப்புக்கு அம்மா. பட்டங்கள் வந்தன. கடைசிக் காலத்தில் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் உருதுக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்வாராம். பாடத்தை மறக்காத மாணவி.

நான் இதையெல்லாம் படித்ததால் என் நாள் ஒன்றும் மாறிவிடவில்லை. லைப்ரரியில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன், கிழிந்த முதுகுகளுக்குப் பசை தடவுகிறேன். ஒரு சின்ன விஷயம் மட்டும். போன மாதம் கதை வாசிக்கும் பீரியடுக்கு ஆசிரியை வரவில்லை. முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய், என் ஓட்டை இந்தியில், கீரியும் பாம்பும் கதையைச் சொன்னேன். பிள்ளையைக் காப்பாற்றிய கீரியைத் தாய் அவசரப்பட்டுக் கொல்லும் இடத்தில், வகுப்பில் எப்போதும் செய்வதுபோல, குரலைத் தாழ்த்தி நிறுத்தினேன். 24 வருஷமாக அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம். மொழி மாறினாலும் நிறுத்தம் அங்கேயேதான் விழுந்தது. முப்பது பேரும் மூச்சை அடக்கினார்கள்.

மணி அடித்தது. தண்ணீர் பாட்டில் பெண் கடைசியாக எழுந்து வந்தாள்.

“அப்புறம் அந்த அம்மா என்ன செஞ்சாங்க, மாவ்ஷி?”

“நாளைக்குச் சொல்றேன்” என்றேன். பாட்டிலை நீட்டினாள். திறந்து கொடுத்தேன்.