இரண்டு மருந்து

சிவகாசிப் பக்கம் போய் ‘மருந்து’ என்று சொன்னால் யாரும் மாத்திரையை நினைக்க மாட்டார்கள். பட்டாசுக்குள் திணிக்கிறார்களே, அந்தக் கலவைக்குத்தான் அங்கே மருந்து என்று பெயர். அந்த மருந்தில் கை வெந்துபோன பெரியவர் ஒருவரை, விருதுநகரில் ஒரு மனவளக்கலை மன்றத்தில் பார்த்தேன். முப்பது பேரோடு சேர்ந்து கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்திருந்தார்.

மனவளக்கலை தெரியும்தானே? 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி உருவாக்கியது. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை ஆரம்பித்தார். 2006-ல் அவர் மறைந்த பிறகும் ஊர் ஊராக மன்றங்கள் நடக்கின்றன. எளிய உடற்பயிற்சி, தவம், கடைசியில் வேண்டியவர், வேண்டாதவர் எல்லோரையும் ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்துவது. உடம்பில் ஜீவகாந்தம் ஓடுகிறது, அது சீராக இருந்தால் நோய் அண்டாது என்பது அவர் விளக்கம். உள்ளங்கை வழியே சக்தி தருவதாகச் சொல்லி ஜப்பானில் 1922-ல் மிகாவோ உசுயி தொடங்கிய ரெய்கியும் நம்ம ஊர்களுக்கு வந்து வெகுநாள் ஆகிறது.

நான் பி.காம். படித்தவன். வரவு என்றால் ரசீது கேட்பேன். சக்தி பாய்கிறது என்பதற்கு அறிவியல் இதுவரை ரசீது எதுவும் தரவில்லை. பெரியவரிடமே கேட்டுவிட்டேன்.

“இதுல கை சரியாயிடுச்சா அண்ணாச்சி?”

சிரித்தார். “கையைச் சரி பண்ணது மதுரை பெரியாஸ்பத்திரி, தம்பி. எனக்குக் கண்ணை மூடினா வெடிச் சத்தம் கேக்கும். தூக்கமே கிடையாது. இங்கே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா தூங்குறேன். ஒருநாள் வரலேன்னா நாலு பேர் போன் பண்ணி ஏன்னு கேக்குறாங்க. அப்படிக் கேக்க எனக்கு வேற யார் இருக்கா?”

பட்டாசு ஆலையில் மருந்து வேலை நடக்கும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. வாழ்நாளெல்லாம் விலகி உட்கார்ந்தே பிழைத்த மனுஷனுக்கு, நெருங்கி உட்கார ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனாலும் ஓர் உறுத்தல். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். இத்தனை சாவுக்குப் பிறகும் ‘மனசை அமைதியா வெச்சுக்கோங்க’ என்று சொல்வது, கேள்வி கேட்க வேண்டியவனைத் தட்டித் தூங்க வைக்கிற வேலை ஆகிவிடாதா?

அதையும் கேட்டேன். பெரியவர் கோபப்படவில்லை.

“தூக்கமில்லாதவன் எங்கே தம்பி சண்டை போடுறது? இப்பத்தான் நஷ்டஈட்டுக்கு அலையத் தெம்பு வந்திருக்கு. மனு எழுதிக் குடுத்தவரே இந்த மன்றத்து ஆளுதான்.”

அன்றைக்கு எனக்கு ரசீது கிடைத்துவிட்டது. ஜீவகாந்தத்துக்கு அல்ல, அந்த முப்பது பேருக்கு.

‘இந்த மாதிரிக் குழுவில் சேரலாமா சார்?’ என்று கேட்கிறவர்களுக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். ‘ஆஸ்பத்திரி வேண்டாம், மாத்திரையை நிறுத்து’ என்கிறார்களா? சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? வாசலோடு திரும்பிவிடுங்கள். நீங்கள் வராத நாளில் தேடுகிறார்களா? உங்கள் மனுவையும் சேர்ந்து சுமக்கிறார்களா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள்.

சக்தி பாய்கிறதா இல்லையா என்பதை அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.