மண்டபத்து வீடு

அழகர் மலைக்குத் திரும்பியபின், ஆனைமலைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் ஒத்தக்கடையின்மேல் உமிழத் தொடங்கும் சித்திரைக் கடைசியில், எங்கள் குடும்பத்தின் நான்கு கிளைகளும் மூட்டை முடிச்சுகளுடன் இராமேசுவரம் ரயிலேறி, பாம்பன் பாலத்துக்கு இப்பாலுள்ள மண்டபத்தில் இறங்கிவிடுவது இரண்டு தலைமுறை வழக்கம். பாட்டனார் முதலில் மனை பார்த்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர்ப் புயல் அவ்வூரையே வாரிக்கொண்டு போனபின், கடலாசையை விடாமலும் கடலை முற்றிலும் நம்பாமலும் இங்கே ஓர் ஓட்டு வீட்டை வாங்கிப்போட்டார்.

ஒரு கூடம், ஓர் அடுக்களை, சுற்றிலும் தாழ்வாரம், அவ்வளவே. ஒத்தக்கடையில் ஒரே தெருவில் தனித்தனியே வசித்து, ஒரு கிண்ணம் மோர் கேட்டனுப்பவும் கௌரவம் பார்க்கும் ஓரகத்திகள், இங்கே ஒரே அம்மியில் மாறி மாறி அரைத்து, யார் பிள்ளைக்கு யார் ஊட்டுவதென்ற விசாரமின்றி ஒரு மாதம் கழிக்கும் ரகசியம் யாதென்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. கடற்காற்றின் மகிமை என்பார் சித்தப்பா. காற்றுக்கு அத்தனை சக்தியிருந்தால் கடற்கரை ஊர்களில் கோர்ட்டுகளுக்கு வேலையிராது.

அங்கே வடக்கில் பாக் விரிகுடா பெண் கடல். தெற்கில் மன்னார் வளைகுடா ஆண் கடல். கச்சான் காற்று எழுந்தால் ஆண் கடல் சீறும், பெண் கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே பிள்ளைகள் எந்தப் பக்கம் குளிப்பதென்பதைக் காற்று தீர்மானித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடையாதலால், அன்றைய குழம்பு சூடையா சங்கராவா என்பதை நாட்டுப்படகுக்காரரின் வலை தீர்மானித்தது. அதிகாரம் செலுத்த எவருக்கும் அங்கே இடமிருக்கவில்லை.

குடிநீரோ மணலூற்றில். மழைநீர் கனம் குறைந்ததாகையால், கரை மணலுக்கடியில் உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. சிரட்டையால் மெல்ல மொண்டால் இனிக்கும், ஆழத் தோண்டினாலோ அவசரப்பட்டு இறைத்தாலோ அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். "போதும்டி, ரொம்பத் தோண்டாத, உப்பேறிரும்" என்று அப்பத்தா மருமகள்களை அதட்டுவாள். பழைய பாகப் பிணக்கொன்றை இருவர் கிளறத் தொடங்கிய வேளையிலும் அதே அதட்டல்தான். மாமியார்களின் வாக்கியங்களுக்கு ஒரே பொருள் இருந்ததாகச் சரித்திரமில்லை.

பிறகு பெரியப்பா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, அவ்வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியேறினார். குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்களுக்கெனப் புதுப் பாய்கள் வாங்கி வைத்திருந்தார், "காப்பி சாப்பிட்டாச்சா?" என்று ஒவ்வொருவரையும் அன்போடு விசாரித்தார். அந்த விசாரிப்பில் வீடு அவருடையதாயிற்று, நாங்கள் விருந்தாளிகளானோம். அதுவரை அங்கே எவரும் எவரையும் உபசரித்ததில்லை, ஏனெனில் எல்லாரும் வந்தவர்கள், எல்லாரும் போகிறவர்கள்.

அவர் காலத்துக்குப்பின் வீடு மறுபடி பொதுவாயிற்று. கூடத்தை நான்காகத் தடுத்து, அவரவர்க்கொரு குளியலறையும் பூட்டும் வைத்துக்கொள்ளலாமென்று இவ்வாண்டு இளையவர்கள் வரைபடத்துடன் வந்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரனாகிய நான் குளியலறையை ஆட்சேபிக்கப் போவதில்லை. பூட்டு மட்டும் வாசற்கதவுக்கு ஒன்று போதுமென்று சொல்லிப் பார்க்க உத்தேசம்.