தேசவிரதமும் கடல் கடந்த வேலையும்

தசலக்ஷண பருவ நாட்களில் தத்துவார்த்த சூத்திரத்தின் பத்து அத்தியாயங்களையும் நாளுக்கு ஒன்றாகப் பாராயணம் செய்து பொருள் கேட்பது நம்மவர் வழக்கம். ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார்க்குரிய விரதங்களும், அவற்றுக்கு நேரும் அதிசாரங்களும் கூறப்படுகின்றன. அவற்றுள் தேசவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கேட்கும்போது சிறுவயதில் நமக்குச் சிரிப்பு வரும். இந்த எல்லையைத் தாண்டி இன்று செல்வதில்லை என்று உறுதி பூண்ட ஒருவர், நின்ற இடத்தில் நின்றபடியே அப்பாலுள்ள பொருளை வரவழைத்துக்கொள்ளுதல் ஒன்று. ஆளை அனுப்பிக் காரியத்தை முடித்துக்கொள்ளுதல் மற்றொன்று. கனைத்துக் குரல் காட்டுதல், உருவைக் காட்டிச் சைகை செய்தல், கல்லையோ மண்ணாங்கட்டியையோ எறிதல் ஆகியன ஏனைய மூன்று. வேலிக்கு இப்பால் நின்று கனைக்கும் சிராவகரை மனக்கண்ணால் கண்டு சிரித்த நாம், எழுபது வயதைக் கடந்தபின் சிரிப்பதில்லை. மனிதன் தன் காலைக் கட்டிக்கொண்டு கையை மட்டும் நீளவிடும் தந்திரத்தை முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கின்றனர் என்ற வியப்பே மேலிடுகிறது.

அந்த வியப்பை இங்கே எழுதுவதற்குக் காரணம், சென்னையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் எம் பேத்தி 2025ஆம் ஆண்டின் இறுதியில் கேட்ட ஒரு கேள்வி. அயல்நாட்டவரிடம் வேலையை ஒப்படைக்கும் நிறுவனங்கள் செலுத்தும் தொகைக்கு 25 விழுக்காடு வரி விதிக்க வேண்டும் என்று அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க செனட் சபையில் ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்துவிட்டு அவள், “பாட்டி, நான் செய்யும் வேலையை முன்பு அங்கே ஒருவர் செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது களவில் சேருமா?” என்றாள்.

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கணினித் துறையில் ஊதியம் பெறுகின்றனர். ஆகவே இக்கேள்வி எம் வீட்டோடு நிற்பதன்று.

களவு என்பது கொடாததைக் கொள்ளுதல். வேலை அதைச் செய்தவரின் உடைமையன்று. கொடுக்கும் உரிமையுடைய நிறுவனம் கொடுத்ததை அவள் பெற்றாள். எனவே களவாகாது என்று அப்போதே சொல்லிவிட்டோம். சொன்னபின்பு அவ்விடை நமக்கே போதவில்லை. பெற்றவளின் கையைத் தேடிப் பார்த்தோமே அன்றி, அனுப்பியவரின் கையை நாம் பார்க்கவில்லை. அதனைப் பார்ப்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நாம் வசிக்கும் பள்ளங்கியிலிருந்து கொடைக்கானல் நகரைக் கடந்து அதன் மறுகோடிக்குச் சென்றால் போதும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்றோர் ஊர் உண்டு. அங்கே சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்துக்கு உரிய பாதரச வெப்பமானி ஆலை இருந்தது. 1983ஆம் ஆண்டை ஒட்டி அவ்வாலையை மூடி, பழைய இயந்திரங்களைக் கப்பலேற்றி, மலைமேல் கொண்டுவந்து, கொடைக்கானலில் புனித மேரி சாலை அருகே நிறுவினர். பாதரசம் அயல்நாட்டிலிருந்து வந்தது. இங்கே கண்ணாடிக் குழாயில் அடைக்கப்பட்டது. முடிந்த வெப்பமானி பெரும்பாலும் கடல் கடந்தே திரும்பிச் சென்றது. 1987இல் யூனிலீவர் அத்தாய் நிறுவனத்தை வாங்கியதால் இவ்வாலையும் இந்துஸ்தான் லீவர் குழுமத்தின் வசமாயிற்று.

மலையூர்களில் அப்போது நிலவிய நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்சும் விளையும் படிக்கட்டு வயல்களில் மழை தவறினால் ஆண்டு முழுதும் கடன். (நாம் உண்ணாத பூண்டைப் பற்றி நாமே எழுதுவது விந்தைதான், ஆயினும் அண்டை வீட்டாரின் வாழ்வு அதில்தான் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எவராலும் கப்பலேற்றி வேறு நாட்டுக்கு மாற்ற முடியாத தொழில் அது ஒன்றே போலும்.) அத்தகைய மலைமீது மாதச் சம்பளம் தரும் ஆலை வந்தபோது, அதில் சேர்வதைப் பேறாகவே இளைஞர் கருதினர். அவர்களைக் குறை கூறுவதற்கு நமக்கு எந்தத் தகுதியும் இல்லை.

பாதரசத்தின் இயல்பு மாணவர்க்கு நாம் கற்பித்த பாடமே. திரவ நிலையிலுள்ள உலோகம், சாதாரண வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும், மணமற்றது. மூச்சோடு உட்சென்றால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இப்பாடத்தைக் கற்பித்த நாம், மலைமீது அப்பொருளைக் கையாளும் ஆலை ஒன்று இருந்த ஆண்டுகளில், அது என்ன செய்கிறது என்று கேட்டதில்லை. கேட்காதிருந்ததற்கு இன்று வருந்துகிறோம்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய பொருட்கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பல டன் எடையில் குவிந்து கிடந்ததைப் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். கண்ணாடிக் கழிவு விதிமுறைக்கு மாறாக விற்கப்பட்டதை நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. ஆலை மூடப்பட்டது. அவ்வாலை நின்ற சரிவு பாம்பாற்றுச் சோலையை ஒட்டியது. அச்சோலை நீரே கீழே பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. 2003இல் சுமார் 290 டன் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து செல்வ நாட்டுக்குக் கழிவு திரும்பிச் சென்ற அரிய நிகழ்ச்சி அது.

தொழிலாளர் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். பணியால் உடல்நலக் கேடு எவர்க்கும் நேரவில்லை என்பதே தன் ஆய்வுகளின் முடிவு என நிறுவனம் கூறியது. தொழிலாளர் தம் நோயையும் இறந்த தோழர்களையும் எடுத்துக் கூறினர். 2015இல் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் இதுபற்றிப் பாடிய பாடல் உலகெங்கும் கேட்கப்பட்டது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேர் சார்பில் உடன்பாடு ஏற்பட்டது, தொகை வெளியிடப்படவில்லை. ஆலை மூடிய நாளிலிருந்து எண்ணினால் 15 ஆண்டுகள். மண்ணைப் பற்றிய வழக்கு அதன் பின்னரும் நீண்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சும்வரை தூய்மை செய்தால் போதும் என்று இங்குள்ள அதிகாரிகள் ஏற்றனர். நிறுவனத்தின் சொந்த நாட்டில் இவ்வளவு ஏற்கப்படுமா என்று சூழல் ஆர்வலர் கேட்டனர்.

இப்போது அந்த ஐந்து அதிசாரங்களைத் திரும்பப் பார்க்கலாம். ஆளை அனுப்பிச் செய்வித்தல், எல்லைக்கு அப்பாலிருந்து பொருளை வரவழைத்தல், எல்லைக்கு அப்பால் பொருளை எறிதல். மூன்றையும் ஒரே ஆலையில் காண்கிறோம். அமெரிக்க நிறுவனம் தேசவிரதம் பூண்டதில்லை. ஆகவே அதிசாரம் என்று நாம் அதன்மேல் சாற்ற இயலாது என்பது உண்மை. ஆனால் விரதத்தின் உள்நோக்கம் பொதுவானது. எட்டத்தில் நிகழும் துன்பம் செய்தவனின் கண்ணில் படாது. கண்ணில் படாதது நெஞ்சில் தைக்காது. ஆதலால்தான் எல்லையை வகுத்துக்கொள் என்றும், வகுத்த எல்லையைக் கையாட்களால் ஏமாற்றாதே என்றும் அறநூல் கூறிற்று.

நம் ஜபமாலையில் 108 மணிகள் அமைந்ததற்குப் பெரியோர் கூறும் கணக்கும் இதனையே காட்டும். எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என வினை மூன்று, மனம், மொழி, மெய் மூன்று, தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் மூன்று, கஷாயங்கள் நான்கு. பெருக்கினால் 108. செய்வித்தவனுக்குச் செய்தவனைவிடக் குறைந்த மணி ஒதுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடன்பட்டவனுக்கும் அதே 36.

அரசுகள் இதற்கு என்ன செய்கின்றன? பெரும்பாலும் வேலையைத் தடுத்து நிறுத்தப் பார்க்கின்றன. இது புதிதன்று. இந்தியப் பருத்தித் துணியால் தம் நெசவாளர் நலிகின்றனர் என்று 1700இலும் 1721இலும் இங்கிலாந்து சட்டம் இயற்றித் தடுத்தது. 2003 நவம்பரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்குத் தந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. வேலையிழந்தோரின் உதவித்தொகைக் கணக்கைச் செம்மைப்படுத்தும் பணி அது; அதையே அயலார்க்குக் கொடுத்தால் அந்த ஊர் மக்களுக்கு மனம் பொறுக்குமா? அவர்கள் சினத்தை நாம் எள்ள மாட்டோம். வேலையிழந்தவனுக்கு ஈடு செய்வது இன்னொரு வழி. 1962இல் கென்னடி காலத்தில் அங்கே அதற்கென ஒரு திட்டம் வந்தது. 2022இல் அது புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிற்று.

இவ்விரு வழிகளும் வேலையை இழந்த ஊரைப் பற்றியவை. வேலை வந்து சேர்ந்த ஊருக்கு என்ன நேர்கிறது என்பதை நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. நம் அரசும் கேட்கவில்லை. அந்நியச் செலாவணி வருகிறது, வேலை வருகிறது என்று வாயிலைத் திறந்துவைத்தது. போபாலில் 1984 டிசம்பரில் நேர்ந்த கொடுமைக்குப் பின்னரே 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயத் தொழில்களுக்கான திருத்தமும் வந்தன. கொடைக்கானல் ஆலை அதற்குமுன் வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்தபின்னும் 2001 வரை அது நடந்தது. ஏட்டில் எழுதிய சட்டம் மலையேறி வருவதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

மூன்றாவது வழி அண்மையில் தோன்றியது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரலில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் தைத்தவை ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குரியவை. அதன் விளைவாக 2017இல் பிரான்ஸ் ஒரு சட்டம் இயற்றியது: பெருநிறுவனங்கள் தம் அயல்நாட்டு ஒப்பந்தக்காரரிடம் நிகழக்கூடிய கேட்டையும் முன்கூட்டி ஆராய்ந்து தடுக்கக் கடமைப்பட்டவை. ஜெர்மனி 2021இல் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. செய்வித்தவனும் கணக்கில் உள்ளவனே என்று அரசியல் சட்ட மொழியில் சொன்னது போலிருக்கிறது. எம் கருத்தில் அறத்துக்கு அண்மையில் நிற்பது இவ்வழியே.

இதற்குத் தடை சொல்வோர் உண்டு. அத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. பொறுப்பைக் கூட்டினால் செலவு கூடும்; செலவு கூடினால் வேலை வராது; வேலை வராவிட்டால் பள்ளங்கி இளைஞன் என்ன செய்வான் என்று கேட்கின்றனர். வராமற்போகும் சம்பளத்தின் துன்பமும் துன்பமே. வறுமையில் ஒருவரை நிறுத்திவைத்து அவர் உடல்நலத்தைக் காத்தோம் என்று கூறுவது அகிம்சையாகாது. ஆனால் வாட்டர்டவுனில் செய்யப்பட்ட வேலைக்கும் கொடைக்கானலில் செய்யப்பட்ட வேலைக்கும் இடையே கூலி குறைந்தது மட்டும் நிகழ்ந்திருந்தால், நாம் இக்கட்டுரையை எழுதியிரோம். கூலி குறைவது ஏழை நாட்டின் நிலை. காவல் குறைவது அனுப்பியவனின் முடிவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, இதனை ஏற்றால் அதுவும் வரும் என்பவர் வேலை தரவில்லை; பேரம் பேசுகிறார். எம் பேத்தியின் கணினி வேலையில் நஞ்சு இல்லை. எனினும் இரவு முழுதும் விழித்திருந்து அந்த நாட்டின் பகலுக்கு உழைக்கும் அவள் உறக்கத்தின் விலையை எவர் கணக்கில் எழுதுவது என்று நாம் எண்ணாமல் இல்லை.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. எம் பிறந்த வீட்டில் நெல்வயல் இருந்தது. பூச்சிமருந்து தெளிப்பது பாவம் என்று எம் தந்தையார் தம் கையால் அதைத் தொடமாட்டார். பின்னர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டனர். குத்தகைக்காரர் முதுகில் விசைத்தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மூக்கில் துணிகூட இன்றித் தெளித்தார். நெல் எம் வீட்டுக்கு வந்தது. பாவம் அவர் வீட்டுக்குப் போயிற்று என்றே நாங்கள் அனைவரும் நம்பினோம். அவருக்கு இருமல் இருந்தது. என்ன காரணத்தால் என்று எவரும் விசாரித்ததில்லை. நம் வாசக அன்பர் இல்லங்களில் இக்கதை புதிதாக இராது.

மினமாட்டா ஒப்பந்தத்தின்படி பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியும் இறக்குமதி, ஏற்றுமதியும் 2020க்குள் நிறுத்தப்பட வேண்டும் என முடிவாயிற்று. மினமாட்டா என்னும் ஜப்பானிய ஊரின் பெயரைத் தாங்கிய அவ்வொப்பந்தத்தில் 2018இல் இந்தியாவும் உறுதியேற்றது. எம் மேசை அறையிலோ, பள்ளி முதலுதவிப் பெட்டிக்கு வாங்கியதில் எஞ்சிய பழைய வெப்பமானி ஒன்று இன்னும் இருக்கிறது. எந்த ஆலையில் யார் அடைத்தது என்று அதில் குறிப்பில்லை. குப்பையில் எறிந்தால் எல்லைக்கு அப்பால் பொருளை எறிந்த கதையாகும். பேத்தி அடுத்த முறை வரும்போது, உடையாமல் சென்னைக்குக் கொண்டுசென்று முறையாகப் பெற்றுக்கொள்வோரிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை பஞ்சில் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் வைத்திருக்கிறோம்.