செம்பும் களிம்பும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே போடிமெட்டுக்கு ஏறும் சரிவுகளிலும், அதற்கப்பால் ஏலமலைத் தோட்டங்களிலும், மழை பிடிக்குமுன் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் நூறு லிட்டர் நீரில் கலந்த போர்டோக் கலவையை அழுகல் நோய்க்கு மருந்தாக அடிப்பது நெடுநாளைய வழக்கம். அந்த நீலநீர் இலையிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கும்போது அதிலுள்ள தாமிரமும் உடன் இறங்குகிறது. சருகு மக்கும், சாணம் மக்கும், தாமிரம் மக்காது. அசுத்தம் என்பது யாது என்ற பழைய வினாவை இந்த மண்ணிலிருந்தே கேட்கத் தோன்றுகிறது.

நாம் அசுத்தத்தை நாசியால் நிர்ணயிக்கிறோம். பட்டணத்துச் சாக்கடைக் கசட்டின் துர்நாற்றம் கண்டு முகம் திருப்புகிறோம். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நாம் உண்ட சோற்றின் வழியே வயலிலிருந்து வந்தவை, வயலுக்கே திரும்ப உரிமை உடையவை. முலாம் பூசும் பட்டறையிலிருந்தும் தோல் பதனிடும் ஆலையிலிருந்தும் அதனோடு வந்து சேரும் குரோமியத்துக்கும் காட்மியத்துக்கும் ஈயத்துக்குமோ நாற்றமே இல்லை. ஜப்பானில் ஜின்சு நதிப் பாசனத்து நெல்லில் சுரங்கக் காட்மியம் ஏறி, உண்டவர்களின் எலும்புகள் நொறுங்கி, அவர்கள் வலியால் அலறியதே அந்நோய்க்குப் பெயராயிற்று. அந்தச் சோறும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்திருக்கும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், ஈயம் 100-க்கும், தாமிரம் 300-க்கும் மேற்படலாகாது என்று விதித்திருப்பது, புலன்கள் அறியாத அசுத்தத்துக்கு வகுத்த ஆசாரம் என்றே சொல்வேன்.

இந்த அசுத்தத்தை நீக்கவல்ல ஜீவன்களும் சிருஷ்டியில் உண்டு. 1922-ல் வாக்ஸ்மனும் ஜாஃபியும் விவரித்த ஒரு பாக்டீரியா, புலாலையோ தழையையோ தீண்டாமல், கந்தகத்தை எரித்தே பிராணன் தரிக்கிறது. 1947-ல் நிலக்கரிச் சுரங்கத்துப் புளித்த நீரில் கண்ட அதன் உறவினம் இரும்பையும் அவ்வாறே கொள்கிறது. தொட்டியில் கறுத்துக் குழம்பிய கசட்டில் மஞ்சள் கந்தகப் பொடியைத் தூவி இடைவிடாது காற்றை ஊதினால், இச்சூட்சும ஜீவன்கள் பெருகி, கந்தகத்தைக் கந்தக அமிலமாக்க, சில நாட்களில் குழம்பின் பி.எச். ஏழிலிருந்து இரண்டை நோக்கி இறங்கும். நோய்க்கிருமிகளிற் பெரும்பாலானவை மடியும். துத்தநாகமும் தாமிரமும் காட்மியமும் நீரில் கரைந்து பிரியும். ஈயம் எளிதில் அசையாது. பிழிந்தெடுத்த கசட்டைச் சுண்ணாம்பால் சமன்செய்தால் எருவாகும். வடித்த நீரில் சுண்ணாம்பு இட்டால் உலோகம் வண்டலாகப் படியும்.

ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பை உவமை சொல்வர். அங்கே செம்பு சுத்திக்குரிய பொருள். கசட்டிலோ செம்பே மாசு. ஆகவே அசுத்தம் எந்தப் பொருளின் சுபாவமுமன்று, அது சேர்ந்த இடத்தையும் அளவையும் பொறுத்தது என்று கொள்ள நியாயமுண்டு. ஆயினும் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது அச்சித்தாந்தத்தின் மற்றொரு துணிபு: முத்தியிலும் ஆணவம் நாசமடைவதில்லை, அதன் சக்தியே அடங்குகிறது. உலோகமும் அப்படியே. பாக்டீரியா அதனைப் பிரிக்கிறதேயன்றி அழிக்கவில்லை. படிந்த வண்டலை யாரோ ஒருவர் என்றென்றும் காக்க வேண்டும். சாக்கடையில் இறங்கி அள்ளியவனைத் தீட்டுடையவன் என்று ஒதுக்கி, விஷத்தை வார்த்தவனைச் சபையில் உட்கார்த்திய சமூகம், அந்தக் காவலையும் அள்ளியவன் தலையிலேயே கட்டுமானால் அது பெரும் அதர்மம். வார்த்தவனே காக்கட்டும், அதனினும் மேலாக, வார்க்காதிருக்கட்டும்.

ஏலமலை மண் இயல்பிலேயே புளிப்பு; ஏலச்செடியின் வேரோ மேல்மண்ணிலேயே படர்வது. தொட்டியில் உலோகத்தைக் கசட்டினின்று இளக்கும் அதே புளிப்பு, மலைமண்ணில் அதனை வேருக்கு ஊட்டும். போடிச் சந்தையில் காயின் பச்சையையும் பருமனையும் பார்த்து விலை வைப்பவர்கள் மண்ணைப் பார்ப்பதில்லை. தோட்டக்காரர்தாம் பார்க்க வேண்டும். நகரக் கசட்டு எருவை எவர் கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தாலும், அதன் உலோக அளவைச் சோதித்த சீட்டைக் கேட்டு வாங்கிய பின்னரே, அன்பர்களே, மலைமேல் ஏற்றுங்கள்.