6 பேரா, 12 பேரா?

கடந்த ஆண்டு என் கம்பெனியில் ஆள்குறைப்பு நடந்தது. கிள்ளான் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் 11 வருட வேலை, ஒரே கடிதத்தில் முடிந்தது. (உங்களுக்கும் இப்படி நடந்தால் 60 நாளுக்குள் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை.)

பழைய ரெஸ்யூமைத் தேடி எடுத்தேன். டிப்ளோமா முடித்த புதிதில் எழுதியது. ஐசி எண், இனம், மதம், அப்பா பெயர், எஸ்பிஎம் பாடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பொழுதுபோக்கு: காற்பந்து பார்ப்பது. நம் கிளையில், மனிதவளத் துறையில் வேலை செய்யும் தம்பி ஒருவனிடம் காட்டினேன்.

"அண்ணே, இது ரெஸ்யூமா, பிறப்புப் பத்திரமா? நீங்க யாரு மகன்னு இருக்கு. என்ன செஞ்சீங்கன்னு இல்லையே!"

"ஸ்டோர்ல ஸ்டாக் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றேன். அவன் விடவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டான். அடிக்கடி போகும் சரக்கை வாசல் பக்கம் மாற்றி வைத்தது நான்தான். 3 நாள் இழுத்த ஸ்டாக் கணக்கெடுப்பு அதனால் ஒரே நாளில் முடிந்தது. இதை எழுதச் சொன்னபோது கூச்சமாக இருந்தது. தற்புகழ்ச்சி கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கடலைத் தாண்ட வழி தெரியாமல் வானரங்கள் கரையில் உட்கார்ந்திருந்தபோது, அனுமனுக்கே தன் பலம் நினைவில் இல்லை. ஜாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இல்லாததைச் சொல்லவில்லை, இருப்பதை நினைவூட்டினார். உள்ளதை உள்ளபடி சொல்வது அகந்தை ஆகாது. அடக்கம் என்ற பெயரில் அதை மறைத்தால், நம்மைத் தேடுகிற முதலாளிக்கும் அது சரியான தகவல் இல்லை.

அடுத்துதான் சிக்கல் வந்தது. என் கீழ் வேலை செய்தவர்கள் 6 பேர். கப்பல் வரும் நாட்களில் குத்தகைக்காரர் இன்னும் 6 பேரை அனுப்புவார். அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டு.

"12 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்னு போடுங்கண்ணே. அங்க 12 பேர் இருந்தாங்கதானே? பொய் இல்லையே" என்றான் தம்பி.

எனக்குத் தருமர் ஞாபகம் வந்தார். அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். அதுவரை தரையைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர், அன்று மண்ணைத் தொட்டது. வார்த்தையாகப் பார்த்தால் அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் துரோணர் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றே சொல்லப்பட்டது. என் '12'ம் அந்த ரகம்தான்.

தம்பி சும்மா இருக்கவில்லை. "குற்றமில்லாத நன்மை கிடைக்கும்னா பொய்யும் உண்மைக்குச் சமம்னு வள்ளுவரே சொல்றாரு. உங்க பிள்ளைங்க சாப்பிடறது நன்மை இல்லையா? பேரைப் பார்த்தே நம்ம ரெஸ்யூமை ஒதுக்குற இடமும் இருக்குண்ணே. நாம மட்டும் ஏன் நேர்மையா இருக்கணும்?"

கடைசிக் கேள்வி சுட்டது. அந்த அநியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை அந்தக் 'குற்றமில்லாத' என்ற சொல்தானே? என் 12ஐ நம்பி என்னைக் கூப்பிட்டால், உண்மையாகவே 10 பேரை நிர்வகித்த ஒருவர் வெளியே நிற்பார். அவரும் நம்மைப் போல் ஒரு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அந்த நன்மையில் குற்றம் ஒட்டிக்கொள்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஐசி எண், மதம், அப்பா பெயர் எல்லாவற்றையும் நீக்கினேன். முதல் சுற்றில் முதலாளிக்கு அவை தேவையே இல்லை. விளம்பரத்தில் கேட்ட திறனை முதலில் வைத்தேன். எதை முதலில் சொல்வது என்பது நம் உரிமை. எண்ணைக் கூட்டுவது வேறு விஷயம். விண்ணப்பப் படிவத்தின் அடியில், எல்லாம் உண்மை என்று நாம்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். என்னோடு வேலை செய்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம் ரெஸ்யூமைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "6 பேர், சரி. ஆனா ராத்திரி ஷிப்ட்டையும் நீதானே பார்த்த? அத ஏன் விட்டுட்ட?" என்றார். சேர்த்துக்கொண்டேன்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலை 7 வருடம் ஒருங்கிணைத்ததை எழுதலாமா என்றும் தயங்கினேன். மதத்தை நீக்கியவன்தான் நான். ஆனாலும் சாமான் வாங்கியது, கணக்குப் பார்த்தது, தொண்டர்களுக்கு முறை போட்டது எல்லாம் நான் செய்த வேலை. எழுதினேன். நீங்கள் விட்டாலும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு கம்பெனி, 10 பேரையாவது நிர்வகித்த அனுபவம் வேண்டும் என்று என்னை ஒதுக்கியது. வலித்தது. 3 மாதம் கழித்து வேறொரு கிடங்கில் வேலை கிடைத்தது, சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. நேர்முகத்தில் "அந்த 6 பேரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். அரை மணி நேரம் தடுமாறாமல் பேசினேன்.

உங்கள் ரெஸ்யூமையும் இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். கூட வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதைக் கூட்டினீர்கள், எதை விட்டீர்கள் என்று அவர் சொல்வார்.